ஒரு கூரையின் கீழ் ஐந்து வகுப்பு

தை பிறக்குங் காலத்தை ஒட்டி நம் நாட்டுப் பாடசாலைகளில் புதிய ஆண்டு தொடங்குவது நெடுநாளைய வழக்கம். கொவிட் நோயும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும் அவ்வழக்கைச் சில ஆண்டுகள் குலைத்தன. 2023இல் புதிய ஆண்டு பங்குனி மாதத்திலேதான் தொடங்கிற்று. எம்மாதத்தில் தொடங்கினும் தொடக்கத்தின் மகிழ்ச்சி ஒன்றே. கால்கோள் விழா நடைபெறும். புதுச் சட்டை அணிந்த சின்னஞ் சிறுவர் தாயின் முந்தானையை விட மனமின்றி உள்ளே வருவர். மூத்த மாணாக்கர் அவர்களுக்கு மாலையிட்டுக் கைபிடித்து அழைத்துச் செல்வர்.

நகரத்துப் பெரும் பாடசாலையிலே அந்தக் கைபிடிப்பு விழாவோடு முடிந்துவிடும். புதிய பிள்ளை தன் வயதொத்தவரோடு ஓர் அறையில் அமரும். மூத்தோர் தத்தம் அறைக்குப் போய்விடுவர். ஆனால் தீவகத்தின் கரையோரங்களிலும், வன்னியின் குளக்கட்டுக்களுக்கு அப்பாலும், மலையகத்தின் மேற்பிரிவுத் தோட்டங்களிலும் உள்ள சிறு பாடசாலைகளில் நிலைமை வேறு. கைபிடித்து வந்தவனும் அவன் அழைத்து வந்த சிறுவனும் ஒரே மண்டபத்திலே, சில வேளை ஒரே வாங்கிலே, ஆண்டு முழுவதும் இருக்கப்போகின்றவர்கள். ஐந்து தரங்களுக்கும் ஆசிரியர் இருவர். ஒருவர் விடுப்பிற் சென்றால் மற்றவரே எல்லாம்.

நம் நாட்டில் 10,000க்குச் சற்று மேற்பட்ட அரசினர் பாடசாலைகள் உள. அவற்றுள் ஏறத்தாழ 1,500 பாடசாலைகளில் 50க்கும் குறைந்த மாணவரே பயில்கின்றனர். ஆகவே, பல தரத்துப் பிள்ளைகள் ஒருங்கே பயிலும் வகுப்பு எங்கோ ஒரு மூலையிற் காணப்படும் விந்தையன்று. அத்தகைய வகுப்பைக் காணும் நகரத்தவர் இரங்குவர். அங்கு நியமனம் பெறும் இளம் ஆசிரியரோ சென்றிறங்கிய அன்றே இடமாற்ற விண்ணப்பத்தை மனத்துக்குள் எழுதத் தொடங்குவர். அவ்விரக்கத்துக்கும் அச்சத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. ஆயினும், வயது கலந்திருத்தலே குறை என்று கொள்வது தவறு. ஆண்டின் முதல் மூன்று வாரங்களை எவ்வாறு செலவிடுகின்றோம் என்பதைப் பொறுத்தே அவ்வகுப்பு வறுமையுடையதாகவோ வளமுடையதாகவோ ஆகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வகுப்புப் பிரிவு வந்த வரலாறு

ஆண்டுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர் என்னும் ஏற்பாடு ஆதிதொட்டு வந்ததன்று. நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்பதே இல்லை. விசயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை மணலில் விரலால் எழுதும். அதற்கு அருகே சற்று மூத்தவன் எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதப் பழகுவான். அவனுக்கு அப்பால் ஒருவன் எண்சுவடி ஒப்பிப்பான். இன்னொருவன் நிகண்டு மனனஞ் செய்வான். ஒவ்வொருவரும் தத்தம் ஏட்டிலே தத்தம் வேகத்திலே முன்னேறினர். உபாத்தியாயர் ஒருவரே எல்லாரையும் கவனித்தல் இயலாதாகையால், சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் அவருக்குத் துணையாயிருந்தான்.

இம்முறை ஒரு காலத்தில் கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியை 1789இல் பொறுப்பேற்ற அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடமொன்றிற் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதனைத் தம் விடுதியிலும் புகுத்த முயன்றபோது அங்கிருந்த உதவியாசிரியர் ஒத்துழைக்கவில்லை. பெல் பாதிரியார் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையோருக்கு எழுத்துக் கற்பித்தார், முயற்சி பலித்தது. 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில் யோசேப்பு லங்காஸ்ரர் அந்நகரிலே தொடங்கிய பள்ளியும் மூத்தோரைக் கொண்டு இளையோரைக் கற்பிக்கும் முறையையே கைக்கொண்டது. ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது பல நாடுகளிற் பரவிற்று.

பரவியபோது அதன் உயிர் மாறிவிட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரின் சம்பளத்திலே கற்பிக்கும் சிக்கன யந்திரமாக அது ஆயிற்று. மூத்த பிள்ளைகள் தாம் கற்பதை விடுத்து, இளையோரிடம் ஒப்புவித்தல் கேட்பவர்களாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அம்முறை செல்வாக்கிழந்தது. இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை உண்டு; அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

1847இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் அமைந்த குவின்சிப் பள்ளி, வகுப்புக்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் என வகுத்துக்கொண்ட முன்னோடிகளுள் ஒன்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1848இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களையும் எழுதி அச்சிட்டார். பாடம் படிப்படியாக அமைதல் வேண்டும் என்பது வேறு. பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து வெவ்வேறு அறைகளில் இருத்தல் வேண்டும் என்பது வேறு. முன்னையது கல்விக்கு என்றும் இன்றியமையாதது. பின்னையது தொகை பெருகியபோது வசதி நோக்கி ஏற்பட்டது. தொகை சிறியதாயுள்ள இடத்தில் அவ்வசதியைப் பெறாமையை ஊனமாகக் கருத வேண்டியதில்லை.

வயதுக் கலப்பை வறுமையினாலன்றி விருப்பத்தோடு ஏற்றவரும் உளர். மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியில் தொடங்கிய சிறுவர் இல்லத்திலே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒருங்கிருந்தனர். 1939இல் சென்னைக்கு வந்த அவர், உலகப் போர் காரணமாகத் தாய்நாடு திரும்ப இயலாமல் இருந்த காலத்தில், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே பல வயதுச் சிறுவரும் ஒன்றாய்ப் பயின்ற சிறு பள்ளியிலேதான், ஆறு வயதுக்கு மேற்பட்டோரின் கல்விபற்றிய அவருடைய கருத்துக்கள் முதிர்ச்சி பெற்றன.

புதியவர் சிலர், பழகியவர் பலர்

நிற்க. தைமாதத்து வகுப்புக்கு வருவோம். ஐந்து தரங்களிலும் 30 பிள்ளைகள் பயிலும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். ஐந்தாந் தரத்தை முடித்த அறுவர் பெரிய பாடசாலைக்குச் சென்றுவிட்டனர். முதலாந் தரத்துக்கு அறுவர் புதிதாய் வந்துள்ளனர். எஞ்சிய 24 பேரும் அதே மண்டபத்துக்கு, அதே ஆசிரியரிடம் திரும்பி வந்திருக்கின்றனர். பெரிய பாடசாலை ஆசிரியர் 35 புதிய முகங்களையும் அறிந்துகொள்வதற்குள் மாசி மாதம் கழிந்துவிடும். சிறு பாடசாலை ஆசிரியரோ, யார் வாசிக்கத் தடுமாறுவான், யார் வகுத்தற் கணக்கிற் கண் கலங்குவாள், யாருடைய தாய் வெளிநாட்டில் இருக்கிறாள் என்பவற்றை முன்னரே அறிவர். சென்ற மார்கழியில் மூடிய கொப்பியைத் தையிலே திறந்து, விட்ட இடத்திலே தொடங்கும் பேறு அவருக்கே உண்டு.

இப்பேற்றை நம்மவர் பலர் பயன்படுத்துவதில்லை. தரம் மாறியவுடன் பழைய குறிப்பு ஒதுக்கப்பட்டுப் புதிய பாடநூல் முதற் பக்கத்திலிருந்து தொடங்கப்படுகின்றது. நான்காந் தரம் என்று இடாப்பில் எழுதப்பட்டதனால் ஒரு பிள்ளை நான்காந் தரத்து வாசகத்தை வாசித்துவிடாது. முதல் வாரத்திலே பிள்ளை ஒவ்வொன்றையும் அருகே இருத்தி, ஒரு பக்கம் வாசிக்கச் செய்து, பத்துக் கணக்குக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு கண்டதைக் கொண்டே குழு அமைத்தல் வேண்டும். தரம் என்பது இடாப்புக்கு. குழு என்பது கற்றலுக்கு.

பழகிய பிள்ளைகள் 24 பேரும் பள்ளியின் வழக்கங்களைத் தாங்கி வருவோர். செருப்பை எங்கே கழற்றுவது, தண்ணீர் எங்கே அருந்துவது, மணியடித்தால் என்ன செய்வது என்று புதியவருக்கு அவர்களே காட்டிக்கொடுப்பர். ஆயின், நல்வழக்கம் கைமாறுவது போலத் தீவழக்கமும் கைமாறும். சென்ற ஆண்டு கூச்சலும் குழப்பமுமாய் இருந்த வகுப்பு, இவ்வாண்டுப் புதியவருக்கும் கூச்சலையே கற்பிக்கும். எனவேதான் தொடக்கத்துக்கு இத்துணை முக்கியத்துவம்.

முதல் மூன்று வாரங்கள்

பல தர வகுப்பிலே ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கையில் ஏனைய குழுக்கள் ஆசிரியரின்றியே இயங்க வேண்டும். இது தானாக வருவதன்று. எழுத்தைப் போலக் கற்பிக்க வேண்டியது. முதல் மூன்று வாரங்களின் முதன்மையான பாடம் இதுவே.

முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பாக இருக்கட்டும். கதையும் பாட்டும் விளையாட்டும் நடக்கட்டும். அவற்றினூடே ஐந்து பழக்கங்கள் படிய வேண்டும். சிறுமணி ஒலித்தால் எல்லாரும் கைவேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தல் ஒன்று. கத்தரிக்கோல், வண்ணக்கட்டி, வாசிப்பு அட்டை ஆகியவற்றை எடுத்த இடத்தில் வைத்தல் இரண்டு. அருகிலிருப்பவனுக்கு மட்டும் கேட்கும் குரலிற் பேசுதல் மூன்று. ஐயம் வந்தால் முதலிற் கொப்பியை மீண்டும் பார்த்து, பின் அயலில் இருப்பவரைக் கேட்டு, பின் குழுத் தலைவரைக் கேட்டு, இறுதியிலேயே ஆசிரியரிடம் வருதல் நான்கு. வேலை முடிந்தால் வாசிப்பு மூலைக்குச் சென்று தானே ஒரு நூலை எடுத்தல் ஐந்து. இவற்றை வாயாற் சொன்னாற் போதாது. நாடகம் போல நடித்துக் காட்டி, பிள்ளைகளையும் நடிக்கச் செய்து, தவறினால் முகங்கோணாமல் மீண்டும் நடத்திக் காட்டல் வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் குழுக்களாகப் பிரிவர். அப்போது கொடுக்கும் வேலை சென்ற ஆண்டிற் கற்ற எளிய வேலையாகவே இருத்தல் வேண்டும். புதிய பாடத்தையும் புதிய ஒழுங்கையும் ஒரே நாளிற் கற்பித்தலாகாது. இவ்வாரத்தில் ஆசிரியர் எக்குழுவிலும் அமராது உலாவிக்கொண்டே, ஒழுங்கு எங்கே தளர்கின்றது என்பதை மட்டும் நோக்குவர்.

மூன்றாம் வாரத்திலே அவர் ஒரு குழுவோடு அமர்வர். முதல் நாள் பத்து நிமிடம்; பின்னர் பதினைந்து; வார இறுதியில் இருபது. அதற்குள் வேறு குழுப் பிள்ளை ஒன்று எழுந்து வந்து ஐயங் கேட்டால், படிகளை நினைவூட்டி அன்போடு திருப்பி அனுப்புவர். பெற்றோர் ஒருவர் வாசலில் வந்து நின்று, ஆசிரியர் எழுந்துபோய் ஐந்து நிமிடம் பேசிவரும்போதும் மண்டபம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யுமாயின், அவ்வகுப்பு ஆண்டைத் தொடங்கிவிட்டது எனலாம்.

பாடத்திட்டம் மூன்று வாரம் பிந்துமே என்று அதிபரும் அதிகாரிகளும் வினவக்கூடும். ஒழுங்கு படியாத வகுப்பில் நாளொன்றுக்கு அரைமணி நேரம் சலசலப்பிற் கழியுமாயின், ஏறத்தாழ 200 நாள் கொண்ட பாடசாலை ஆண்டில் 100 மணி நேரம் போய்விடும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாகக் கொண்டாலும் 15 நாள்களின் முழுநேரம் 75 மணியே. அந்தப் பதினைந்து நாளிலும் வாசிப்பும் கணக்கும் அடியோடு நின்றுவிடுவதுமில்லை.

ஒரு பனை, ஐந்து பாடம்

ஒழுங்கு படிந்தபின் நேரசூசி எழ வேண்டும். ஐந்து தரத்துக்கும் ஐந்து பாடங்களை ஒரே வேளையில் தனித்தனியே நடத்த முயலும் ஆசிரியர் ஒரு மாதத்திற் களைத்துவிடுவர். எல்லாப் பாடங்களையும் ஒருங்கே நடத்தவும் முடியாது. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுதல் நன்று.

கதை, பாட்டு, சித்திரம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடு ஆகியவற்றுக்குப் பொருள் ஒன்றாய் இருக்கலாம். வேலை வேறாக வேண்டும். வடபுலத்துப் பாடசாலை ஒன்றிலே பனைமரத்தைப் பொருளாகக் கொள்வோம். எல்லாரும் வளவுக்குச் சென்று மரத்தைப் பார்த்து வருவர். முதலாந் தரத்தார் பனையை வரைந்து, அதன் கீழே ‘ப’ எழுதுவர். இரண்டாந் தரத்தார் ஓலை, நுங்கு, பனாட்டு, ஒடியல் என்ற சொற்களைப் படத்தோடு பொருத்துவர். மூன்றாந் தரத்தார் பனையிலிருந்து கிடைப்பவைபற்றி ஐந்து வசனம் எழுதுவர். நான்காந் தரத்தார் அடிமரத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து, பல மரங்களின் அளவை அட்டவணை இடுவர். ஐந்தாந் தரத்தார் ஒடியல் செய்யும் முறையை வீட்டு முதியோரிடம் கேட்டு வந்து கட்டுரை வரைவர். இறுதியில் எல்லாரும் கூடியிருந்து கேட்பர். ஐந்தாந் தரத்தான் வாசிப்பதை முதலாந் தரத்துச் சிறுமியும் வாய் திறந்து கேட்டிருப்பாள். அவளுக்கு அது நான்கு ஆண்டு முன்கூட்டியே விழும் விதை.

மலையகத்திலே பொருள் தேயிலைக் கொழுந்தாகலாம். சிறியோர் இலைகளை எண்ணுவர். நடுவயதினர் காலையும் மாலையும் நிறுத்த நிறைகளைக் கூட்டுவர். மூத்தோர் கூடையின் நிறையைக் கழித்துச் சரியான நிறையைக் காண்பர். தாய் பறித்த கொழுந்தின் கணக்கைப் பிழையின்றிப் போடத் தெரிந்த பிள்ளை, எழுத்தறிவின் பயனை எவரும் சொல்லாமலே உணரும்.

மொழிப் பயிற்சி போன்றவற்றுக்கு அடுத்தடுத்த இரண்டு தரங்களை இணைக்கலாம். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதலிரு தரங்களை ஒரு நிலையாகவும், மூன்றாம் நான்காந் தரங்களை மற்றொரு நிலையாகவும், ஐந்தாந் தரத்தைத் தனிநிலையாகவும் வகுத்தது. அப்பகுப்பு இவ்விணைப்புக்கு இயல்பாகவே இடந் தருகின்றது.

தொடக்க வாசிப்பும் கணிதமும் மட்டும் படிவரிசை தவறாமல் தனித்தனியே கற்பிக்க வேண்டியவை. இதற்கு ஆந்திர மாநிலத்து ரிஷி பள்ளத்தாக்கிலே கிராமத்துச் சிறு பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட ‘கற்றல் ஏணி’ நல்ல துணை. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாக்கப்பட்டு வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, உரிய அட்டையை எடுத்துச் செய்யும். அவ்வழியைத் தழுவியே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலே செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் விரிந்தது. பிள்ளை ஒவ்வொன்றும் தன் படியிலே நின்று முன்னேறிய திண்ணைப் பள்ளியின் நல்லம்சம் அங்கே புதுவடிவு பெற்றது எனலாம்.

மூத்த பிள்ளைக்கு நீதி

இனி, முன்னர் குறித்த எச்சரிக்கைக்கு வருவோம். பல தர வகுப்பிலே மிக எளிதாய் நேரும் அநீதி, மூத்த பிள்ளையைச் சம்பளமில்லா உதவியாசிரியர் ஆக்கிவிடுதல். அதிலும் இப்பாரம் பெரும்பாலும் பெண்பிள்ளையின் தலையிலேயே விழும். வீட்டில் தம்பியைத் தூக்கியவள் பாடசாலைக்கு வந்தும் பிறர் தம்பியரைத் தூக்குகிறாள், மூக்குத் துடைக்கிறாள், அகரம் எழுதக் கைபிடிக்கிறாள். ‘மிகவும் பொறுப்பான பிள்ளை’ என்று எல்லாரும் மெச்சுவர். புலமைப்பரிசிற் பரீட்சையில் அவள் பின்தங்கினால், மெச்சியவர் எவரும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை.

ஆகையால் முதல் மாதத்திலேயே சில விதிகளை வகுத்துக்கொள்ளல் வேண்டும். மூத்தோர் உதவும் நேரம் நாளுக்குக் கால்மணிக்கு மேற்படலாகாது. உதவி, உதவுபவரின் கற்றலுக்கும் பயன்பட வேண்டும்: சிறியோருக்குக் கதை வாசித்துக் காட்டுதல் வாசிப்பவரின் நாவைத் திருத்தும், கூட்டற் கணக்கை விளக்குதல் விளக்குபவரின் ஐயத்தைப் போக்கும். மூக்குத் துடைத்தலும் வரிசையில் நிறுத்துதலும் ஆசிரியரின் கடமை. குழுத் தலைமை வாரந்தோறும் மாறவேண்டும்; ஆண்பிள்ளைகளும் அதில் முறை எடுக்க வேண்டும். நாளில் ஒரு வேளையாவது ஐந்தாந் தரத்தாருக்கென ஆசிரியர் முழுமையாக அமர வேண்டும்.

இவ்விதிகள் நிலைத்தால், வயதுக் கலப்பின் அரிய பயன் ஒன்று வெளிப்படும். தனி வகுப்பிலே வாசிக்கத் தெரியாத நான்காந் தரச் சிறுவன் நாணத்தால் வாய் மூடியிருப்பான். இங்கோ, சிறியோருக்கு வாசித்துக் காட்டும் சாக்கிலே இரண்டாந் தரத்து நூலை அவன் கையில் எடுக்கலாம், எவரும் நகையார். மறுபுறம், விரைந்து கற்கும் இரண்டாந் தரச் சிறுமி மூன்றாந் தரக் குழுவில் அமர எவருடைய அனுமதிக் கடிதமும் வேண்டியதில்லை. பின்தங்கியவனுக்கு மானமும் முந்தியவளுக்கு வழியும் ஒருங்கே கிடைப்பது இவ்வகுப்பிலேயாம்.

அரசும் சமூகமும்

பல தர வகுப்பே சிறந்தது என்று இங்கே வாதிக்கவில்லை. ஒல்லாந்து ஆய்வாளர் சைமன் வீன்மன் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் வெளியிட்ட முடிவு, கல்வித் தேர்ச்சியிலே தனித்தர வகுப்புக்கும் பல தர வகுப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே. அம்முடிவை மறுத்தவர்களும் உளர். எவ்வாறாயினும், பயிற்சியும் சாதனமும் இன்றிக் கைவிடப்பட்ட ஆசிரியரிடம் எந்த வகுப்பும் தழைக்காது என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

இலங்கை உட்படப் பல நாட்டு அனுபவங்களைத் திரட்டிப் பேராசிரியை ஆஞ்சலா லிற்றில் 2006இல் ஒரு நூலைப் பதிப்பித்துள்ளார். மகரகமைத் தேசிய கல்வி நிறுவகமும் இத்துறையில் முயன்றதுண்டு. ஆயினும், இளம் ஆசிரியரின் பயிற்சியிலே தனித்தர வகுப்பே இலக்கணமாகவும், பல தர வகுப்பு விதிவிலக்காகவும் கருதப்படும் மனப்பான்மை மாறவேண்டும். தானே கற்றற்குரிய அட்டைகளும் சிறு நூல்களும் இத்தகைய பாடசாலைகளுக்கு முதலிற் சென்றடைய வேண்டும். ஆண்டு நடுவில் ஆசிரியரை மாற்றுதல் எங்கும் தீது, இங்கோ பெருந்தீது. ஏனெனில், பழக்கங்களின் தொடர்ச்சியே இவ்வகுப்பின் முதல்.

மாணவர் தொகை குறைவு என்று சிறு பாடசாலையை மூடுவது வரவுசெலவுக் கணக்கில் எளிது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை மழைக்காலத்தில் மலைப்பாதையிலோ குளக்கட்டிலோ எத்தனை மைல் நடக்கவேண்டும் என்பது அக்கணக்கில் வருவதில்லை. நடக்க இயலாத பிள்ளை மெல்ல மெல்ல இடாப்பிலிருந்து மறைந்துவிடும். 1945இல் நம் நாட்டில் ஏற்பட்ட இலவசக் கல்வியின் பயன் அப்பிள்ளைக்கும் உரியதாயின், அதன் வாசலருகே உள்ள அந்த ஒற்றை மண்டபத்தைப் பேணுவது நம் எல்லாருடைய கடன்.

இவ்வாண்டு அத்தகைய மண்டபமொன்றின் பொறுப்பை ஏற்கும் இளம் ஆசிரியருக்கு ஒரு சொல். அறையைப் பிரிக்கத் தட்டி இல்லையே என்று கவலற்க. வாங்குகளை வட்டமாக நகர்த்தி, சிறுமணி ஒன்றைத் தேடி எடுத்து, பிள்ளைகளின் பழைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துப் பணியைத் தொடங்குக. இடமாற்ற விண்ணப்பத்தை எழுதுவதாயினும், முதல் மூன்று வாரம் கழிந்தபின் எழுதலாம்.